நல்ல கல்லுதான் அண்ணே

பழைய கார் வைத்திருப்பவர்கள் பொதுவாக நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் அவர்களைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. ஒருவர் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் இன்னொருவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து போவார். ஒருவர் சென்னைக்குப் போனால் புதுப்பேட்டை முழுக்க அலைந்து மற்றவர்களுக்கும் சேர்த்துச் சாமான் வாங்கி வருவார். கூடப் பிறந்தவர்கள்கூட இப்படி இருப்பதில்லை.

அழகுமலை அண்ணனும் நல்லவர்தான். அவர் என் வீட்டில், என் காருக்கு அடியில் கிடந்து இறந்த அன்று நீங்கள்தான் விசாரணைக்கு வந்தீர்கள். என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தீர்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே உங்கள் ஏட்டய்யாவிடம், "அம்மாவுக்கு என்னய்யா தெரியும். கல்லு இருக்கான்னு கேட்டிருக்காரு, குடுத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. பிறகுதான் அது உறுத்த ஆரம்பித்தது.

வண்டி என் கணவருடையது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. திருமயத்துக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கொட்டகை போட்டு அதில் நிறுத்தினார். சரி செய்து ஓட்டப்போகிறேன் என்று சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். துடைப்பார், மூடி வைப்பார், அவ்வளவுதான். நான் பக்கத்தில் போனால், "ஏய், அதுல கைய வைக்காத. ஒனக்கு என்ன தெரியும்" என்பார். அடுப்பு ரெகுலேட்டரைப் பற்றியும் என் ரத்த அழுத்தத்தைப் பற்றியும்கூட அவர் அதையேதான் சொல்லிவந்தார். ஆகவே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்குக் கொஞ்சம் தெரியும். அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவள் நான். டைப்ரைட்டர்கள் போகும்வரை எங்கள் செக்‌ஷன் மெஷின்களையெல்லாம் நான்தான் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டு மாட்டுவேன். எந்தச் சுருள்வில் எங்கே உட்காரும் என்பது கண்ணைவிட என் விரலுக்கு நன்றாகத் தெரியும். கணவரின் காரியங்கள் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போனதும் நான் செய்த முதல் வேலை அந்தக் காரின் பானெட்டைத் திறந்ததுதான். ஹெரால்டில் பானெட் மற்ற கார்களைப் போலத் திறக்காது. முன்பக்கம் முழுதும், மட்கார்டு விளக்கு எல்லாம் சேர்ந்து, முதலை வாயைப் பிளந்த மாதிரி முன்னால் சாயும். உள்ளே எல்லாம் தெரியும். பக்கத்தில் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜினில் வேலை செய்யலாம். எனக்காகவே யாரோ யோசித்துச் செய்த வண்டி என்று தோன்றியது. அன்று சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கல்யாணமானதிலிருந்து அப்படி ஒரு நிம்மதியை நான் அனுபவித்ததில்லை.

ஒரு சந்தேகம் கேட்கத்தான் அந்த வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களின் குரூப். கிளட்ச் பெடல் உள்ளே போனால் திரும்ப வரவில்லை, எங்கே பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஒரு வரி பதில் போதும் எனக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டமே வீட்டுக்கு வந்துவிட்டது.

முன்னால் வந்தவர் அழகுமலை அண்ணன். திருமயம் பக்கம். மஸ்கட்டில் கிரேன் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். அவரிடமும் ஒரு ஹெரால்டு இருந்தது. பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. கூட வந்தவர் சேரன், டவுனில் பல் டாக்டர், மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்.

நான் ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். அண்ணன் அதை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"தங்கச்சி, நீங்க ஒக்காருங்க. நாங்க எதுக்கு இருக்கோம்? டார்ச்ச மட்டும் இங்கிட்டுப் புடிங்க, போதும்."

அவர் தரையில் படுத்து உள்ளே நகர்ந்தார். சேரன் சிரித்தார். "அண்ணே, ஒங்க வயித்துக்கு உள்ள போயிட்டீங்க, சரி. திரும்ப வருவீங்களா?"

"வரலைன்னா தங்கச்சி காலப் புடிச்சு இழுத்துரும்யா. என்ன தங்கச்சி?"

நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் வந்தார். நான் டார்ச் பிடித்தேன், டீ போட்டேன். டார்ச் பிடிப்பவளுக்குத்தான் எல்லாம் தெரியும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று தெரிந்தவளுக்கு வேலை எங்கே நடக்கிறது என்றும் தெரியும்தானே. அவர் போன பிறகு, வாரநாட்களில், அவர் மாட்டியதைக் கழற்றிப் பார்த்துத் திரும்ப மாட்டுவேன். சில இடங்களில் அவர் அவசரத்தில் விட்ட வாஷரைத் தேடிப் போடுவேன். ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி நானே சக்கரத்தைக் கழற்றுவேன். கார்புரேட்டரைப் பிரித்து, டைப்ரைட்டர் எழுத்துகளைத் துடைக்கிற மாதிரி பொறுமையாகத் துடைத்து மாட்டினேன். ஒரு வியாழக்கிழமை வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. கொட்டகையில் நான் மட்டும்தான் இருந்தேன். அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் அழுதேன். அது துக்கம் இல்லை.

ஞாயிறு அண்ணன் வந்தார். ஒரு ஸ்க்ரூவை லேசாகத் திருப்பினார், சாவியைப் போட்டார், வண்டி உறுமியது. எல்லோரும் கை தட்டினார்கள். சேரன் வீடியோ எடுத்து, "அண்ணன் கைபட்டா கல்லும் ஓடும்" என்று எழுதி குரூப்பில் போட்டார்.

"வியாழக்கிழமையே ஸ்டார்ட் ஆயிருச்சு அண்ணே. நான்தான் கார்புரேட்டரக் கழட்டி மாட்டுனேன்" என்றேன்.

"பாத்தியா சேரா, தங்கச்சி நமக்குத் தெரியாம சாவியத் திருப்பிப் பாத்துருக்கு!" என்று சிரித்தார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். அதில் கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. இருந்திருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், அவர் வருவது நின்றிருக்கும். கெட்டவர்களிடமிருந்து தப்பிக்க நூறு வழி இருக்கிறது. உதவி செய்பவரிடமிருந்து தப்பிக்க வழி இல்லை. அவர் என் கையிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டே இருந்தார், நான் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கிரீஸ் விஷயத்தை உங்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். ஹெரால்டில் முன்சக்கரம் திரும்புவதற்குக் கீழே ஒரு மூட்டு இருக்கிறது. இரும்புத் தண்டு ஒன்று பித்தளைக் கிண்ணத்துக்குள் மரை போட்டு உட்கார்ந்திருக்கும். அந்த மூட்டுக்கு கியர் ஆயில்தான் விட வேண்டும், கிரீஸ் கூடாது. கிரீஸ் போட்டால் காய்ந்து இறுகி, தண்டு திரும்ப முடியாமல் ஒருநாள் ஒடியும். அந்தக் காலத்து சர்வீஸ் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் படித்திருந்தேன். ஆனால் ஆயில் விடும் இடத்தில் இருக்கிற சின்ன முனைக்கு எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் பெயர் கிரீஸ் நிப்பிள்.

அண்ணன் கிரீஸ் கன்னை எடுத்ததும், "அண்ணே, அதுக்கு ஆயில்தான் விடணுமாம்" என்றேன்.

"அதுக்குப் பேரே கிரீஸ் நிப்பிள் தங்கச்சி. இட்லிச் சட்டியில போயி யாராச்சும் தோச சுடுவாங்களா?"

சேரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் இரண்டு பக்கமும் கிரீஸை அடைத்தார். அதைத் திரும்ப எடுக்க மூட்டையே பிரிக்க வேண்டும், அதற்கு வேண்டிய சாமான் என்னிடம் இல்லை. நான் டார்ச் பிடித்தேன்.

இது நடந்து பல மாதம் கழித்துக் காரைக்குடியில் பழைய கார்க் கண்காட்சி நடந்தது. என் வண்டியை அண்ணன்தான் ஓட்டிக்கொண்டு போனார். "ரோட்டுப் பழக்கம் வேணும்ல தங்கச்சி, நீங்க பக்கத்துல ஒக்காந்து சொகமா வாங்க" என்றார். அங்கே எல்லோரும் அவரிடமே கேள்வி கேட்டார்கள். எத்தனை மாத வேலை, சாமான் எங்கே கிடைத்தது, பெயின்ட் யார் அடித்தது. என்னிடம் ஒரு பெண்மணி புடவை எங்கே எடுத்தது என்று கேட்டாள். சிறந்த மறுசீரமைப்பு என்று ஒரு கோப்பை கொடுத்தார்கள். மேடையில் அதை அண்ணன் வாங்கினார். இறங்கி வந்து என் கையில் கொடுத்தார்.

"நீங்களே வச்சுக்கங்க தங்கச்சி. என்ன இருந்தாலும் காரு ஒங்களுதுதானே."

என்ன இருந்தாலும். நான் அந்த இரண்டு சொல்லை மடியில் வைத்துக்கொண்டுதான் திரும்பி வந்தேன்.

திருமயம் தாண்டியதும் இடது முன்சக்கரம் மடங்கியது. வண்டியின் மூக்கு தாரில் உராய்ந்து தீப்பொறி பறந்தது. பின்னால் வந்த லாரி எங்களை ஒட்டித் திரும்பிப் போனது. அண்ணன் ஓரமாக நிறுத்திவிட்டார். கிரேன் ஓட்டிய கை. இறங்கிக் குனிந்து பார்த்தார். நானும் குனிந்தேன். மூட்டு ஒடிந்து கிடந்தது. பித்தளைக் கிண்ணத்துக்குள் கிரீஸ் மெழுகு மாதிரிக் காய்ந்து இறுகியிருந்தது.

அவர் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். நிமிர்ந்து என்னை ஒருகணம் பார்த்தார். அப்போது மட்டும் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "நீங்க சொன்னீங்க தங்கச்சி" என்றால் போதும். நான் அவருக்குக் காலமெல்லாம் டீ போட்டிருப்பேன்.

தோளில் கிடந்த துணியை எடுத்து அந்தக் கிரீஸைச் சுத்தமாக வழித்துத் துடைத்தார். சேரனின் வண்டி பின்னால் வந்து நின்றபோது இரும்பு பளபளவென்று இருந்தது.

"பழைய இரும்புதானப்பா. ஆயுசு முடிஞ்சிருச்சு" என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்ல வேள, நான் ஓட்டுனேன்" என்றார்.

வண்டியை லாரியில் ஏற்றி என் கொட்டகையில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அன்று குரூப் முழுக்க அண்ணனுக்கு வாழ்த்து. ஒரு உயிரைக் காப்பாற்றியவர் என்றார்கள். அந்த உயிர் நான்தான். "கிரீஸ் போட்டதால்தான் ஒடிந்தது" என்று எழுதினேன். யாரோ கும்பிடுகிற கைகளை அனுப்பினார்கள். இன்னொருவர், "அக்கா டென்ஷன் ஆகாதீங்க, கடவுள் இருக்காரு" என்றார். கடைசியாக அண்ணனே எழுதினார்: "தங்கச்சி பாவம், ரொம்பப் பயந்து போயிருக்காங்க. ஞாயித்துக்கெழம வந்து சரி பண்ணிக் குடுத்துர்றேன்."

அவர் வழக்கமாக வண்டிக்கு அடியில் வைக்கும் இரும்பு ஸ்டாண்டுகளைச் சேரன் தன் மோரிஸுக்காக வாங்கிப் போயிருந்தார். அதையும் குரூப்பில்தான் பேசிக்கொண்டார்கள். அண்ணன் போன் செய்தார்.

"ஸ்டாண்டு சேரன்கிட்ட மாட்டிக்கிருச்சு. ஒங்க வீட்டுல கனமான கல்லு ஏதாச்சும் கெடக்கா தங்கச்சி?"

"கெடக்குண்ணே" என்றேன்.

நம் பக்கத்தில் வீடு கட்டுகிற செம்புராங்கல்லைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதி ஊர் அதில்தான் நிற்கிறது. காய்ந்த கல் யானையைத் தாங்கும். ஆனால் வருடக்கணக்கில் தண்ணீரில் ஊறிய கல் அப்படி இல்லை. எங்கள் பழைய சுற்றுச்சுவரை இடித்தபோது மிஞ்சிய கற்களைத் துணி துவைக்கும் இடத்தில் அடுக்கியிருந்தோம். அடிவரிசைக் கற்கள் சோப்புத் தண்ணீரிலேயே கிடந்தன. ஒன்றை ஒருதரம் கம்பியால் குத்திப் பார்த்திருக்கிறேன், உள்ளே நனைந்த வெல்லக்கட்டி மாதிரி விட்டுக் கொடுத்தது. பக்கத்திலேயே கருங்கல்லும் கிடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடிவரிசைக் கற்களைத்தான் எடுத்தேன். ஈரம் தெரியாமல் இருக்க அந்த வாரம் முழுக்க வெயிலில் போட்டு வைத்தேன். மேலே நன்றாகக் காய்ந்து, சிவந்து, பார்க்க லட்சணமாக இருந்தன. அப்பளம் காயவைக்கிற மாதிரி அவ்வப்போது புரட்டிப் போட்டேன். மனதில் ஆத்திரம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் அந்த வாரம்தான் நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை அண்ணன் தனியாக வந்தார். சேரனுக்கு ஏதோ கல்யாணம். வண்டியைத் தூக்கி, இரண்டு பக்கமும் கல்லை வைக்கும்போது ஸ்பேனரால் ஒன்றைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல கல்லுதானே தங்கச்சி?"

"நல்ல கல்லுதான் அண்ணே."

இத்தனை நாளில் என் அபிப்பிராயம் என்று அவர் கேட்டது அது ஒன்றைத்தான். என் பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டதும் அப்போதுதான். ஜாக்கியை இறக்கி ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு உள்ளே போனார்.

உண்மையாகவே சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் பேசிக்கொண்டே வேலை செய்தார். தன் மனைவி பொற்கொடிக்கு முட்டிவலி, ஊருணியில் தண்ணீர் இல்லை, இந்த போல்ட்டு என்னமா இறுகிக் கிடக்குது, இப்படி. பிறகு ஸ்பேனரை வைத்து முழு பலத்தோடு இழுத்தார். வண்டி ஆடியது. கல் சத்தமே போடவில்லை, உட்கார்ந்துவிட்டது. அவ்வளவு பெரிய காரியம் அவ்வளவு அமைதியாக நடக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அவர் உடனே போகவில்லை. நீங்கள் எழுதியிருப்பதில் அது தவறு. வண்டியின் பாரம் நெஞ்சில் இருந்தது. ஒரு கை வெளியே தெரிந்தது.

"தங்கச்சி" என்றார். மூச்சு வாங்கி மறுபடி சொன்னார். "ஜாக்கி... ஜாக்கியப் போட்டு ஏத்துங்க தங்கச்சி."

ஜாக்கி என் காலடியில்தான் இருந்தது. எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்றும் எனக்குத் தெரியும். வாரநாட்களில் எத்தனையோ தரம் வைத்திருக்கிறேன். ஏழெட்டுத் தரம் கைப்பிடியை அடித்தால் வண்டி எழும்பிவிடும். அவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகக் குனிந்து, பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

"எனக்கு என்ன தெரியும் அண்ணே."

அவருக்குக் கேட்டது. புரிந்ததா என்று தெரியவில்லை. புரிந்திருக்கும் என்றே நினைத்துக்கொள்கிறேன். கை அசைவது நிற்கும்வரை இருந்துவிட்டு, வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டு ராக்காயியைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

துக்கத்துக்குப் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. பொற்கொடி அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ என்ன ஆத்தா பண்ணுவ. கல்லப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? அவருக்குல்ல தெரிஞ்சிருக்கணும்" என்றாள். அவள் கை என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது. சேரன் தன்னிடம் ஸ்டாண்டு இருந்ததால்தான் அண்ணன் போய்விட்டார் என்று தலையில் அடித்துக்கொண்டார். யார் யாரோ தங்கள்மேல் பழியைப் போட்டுக்கொண்டார்கள். கடவுள்மேல், கல்மேல், காரின்மேல்கூடப் போட்டார்கள். என் பக்கம் திரும்பியவர்கள் எல்லோரும் பாவம் என்று மட்டும் சொன்னார்கள்.

இப்போது குரூப்பில் ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். அண்ணன் நினைவாக எல்லோரும் சேர்ந்து என் வண்டியைச் சரி செய்யப் போகிறார்களாம். அவருடைய ஹெரால்டின் முன் மூட்டுகளைக் கழற்றி என் வண்டிக்குத் தரச் சொல்லிவிட்டாளாம் பொற்கொடி அக்கா. பின் கண்ணாடியில் அவர் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டுவார்களாம். ஞாயிறு வருகிறார்கள். "அக்கா, நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், நாங்க பாத்துக்குறோம்" என்று சேரன் அனுப்பியிருக்கிறார்.

அதற்காக நான் இங்கே வரவில்லை. பொற்கொடி அக்காவின் அழுகையைப் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை, அதனால்தான் வந்தேன். உண்மை தெரிய அவளுக்கு உரிமை இருக்கிறது. ஒரு மனுஷிக்கு மனசாட்சி என்று ஒன்று உண்டு.

நீங்கள் நம்பவில்லை என்பது உங்கள் முகத்திலேயே தெரிகிறது. "அதிர்ச்சியில இருக்கீங்கம்மா, வீட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்க" என்றீர்கள். பிறகு, அவ்வளவு கனமான கல்லைப் பொம்பளை ஒருத்தி தூக்கியிருக்க முடியாதே, எடுத்துக் கொடுத்தது யார், சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு, ஆள் யாராவது வந்திருக்கிறானா என்று எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தீர்கள்.

யாரும் வரவில்லை. கல்லைத் தூக்கவில்லை, புரட்டிப் புரட்டித்தான் கொண்டுவந்தேன். தேர்ந்தெடுத்தது நான், காயவைத்தது நான், அடியில் கிடந்தவருக்குப் பதில் சொன்னதும் நான். அழகுமலை அண்ணனைக் கொன்றது நான்தான். தண்டனை எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம், அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. எழுதும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள், பெரிய எழுத்தில் எழுதினாலும் சரி: இதில் எனக்கு யாரும் உதவி செய்யவில்லை.